முகம் தெரியாதவரோடு மல்லுக்கட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் இணையச் சண்டைகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் ராத்திரியில் தூங்குவதே இல்லை போலிருக்கிறது. அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே.

*

கேள்வி: முகநூலில் ஒருவர், "ஒரே ஒரு எரிமலை வெடித்தால் போதும், மனுஷன் நூறு வருஷம் விடுகிற கரியமில வாயு ஒரே நாளில் வெளியே வந்துவிடும், பருவநிலை மாற்றம் என்பதே பித்தலாட்டம்" என்று எழுதினார். மூன்று நாள் வாதாடினேன். ஆள் அசையவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ம.செ., விருத்தாசலம்

பதில்: முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, சிமென்ட் ஆலை எல்லாவற்றையும் சேர்த்தால் மனிதர்கள் ஒரு வருஷத்துக்கு விடுகிற கார்பன் டை ஆக்சைடு 3,500 கோடி டன்னுக்கு மேல். உலகத்து எரிமலைகள் அத்தனையும் சேர்ந்து விடுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பெரிய வெடிப்பு என்றால் 1991இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்ததே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஓரிரு வருஷம் உலகம் சூடாகவில்லை, சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. அது கக்கிய கந்தக டை ஆக்சைடு வானத்தில் உயரே போய் நுண்துகள் படலமாகப் பரவி வெயிலைத் திருப்பி அனுப்பியதுதான் காரணம்.

இதைச் சொன்னால் கொஞ்சம் படித்த ஆளாக இருந்தால் அடுத்த கேள்வி கேட்பார்: "சரி, காற்றில் கரியமில வாயுவை அளக்கிற ஹவாய் மௌனா லோவா மலையே ஒரு எரிமலைதானே?" நல்ல கேள்வி, சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958இல் அங்கே அளக்க ஆரம்பித்தபோது பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. எரிமலைப் புகைவாய்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நேரத்து அளவுகளை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது போதாதென்றால் தென்துருவத்திலும் அளக்கிறார்கள், அங்கே பக்கத்தில் புகைகிற எரிமலை கிடையாது, கோடு அதேபோலத்தான் ஏறுகிறது.

ஆனால் உங்கள் மனக்குறை கணக்கைப் பற்றியது இல்லையே, அவர் அசையவில்லை என்பதுதானே. பட்டிமன்றத்தில் எதிரணிப் பேச்சாளர் நடுவில் எழுந்து, "ஐயா சொல்வதுதான் சரி, நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று சொல்லி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கையை நீட்டிப் பேசுவது எதிரணியைப் பார்த்து, பேச்சு போய்ச் சேருவது கீழே பாயில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு. ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் "என் கருத்தை மாற்றிக் காட்டுங்கள்" என்று தாங்களாகவே சவால் விட்டு வருகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அந்த வாதங்களை ஆராய்ந்ததில், ஒரே ஆளோடு நாலைந்து சுற்றுப் பேசியும் மாறாதவர் அதற்கப்புறம் மாறுவது அநேகமாக இல்லை என்று தெரிந்தது. மாறத் தயார் என்று வந்தவர்கள் கதையே இப்படி. நீங்கள் மூன்று நாள் நின்றிருக்கிறீர்கள்! மூன்றாவது பதிலோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் கணக்கு படிக்கிறவர்கள் கண்ணுக்கு அங்கேயேதான் கிடைத்திருக்கும், முப்பதாவது பதிலில் என்றால் அதைத் தேடிப் போக யாருக்குப் பொறுமை?

*

கேள்வி: வாதத்தில் நீங்கள் தோற்றதுண்டா? உண்மையைச் சொல்லவும்.
– பி.ஆர்., காரைக்குடி

பதில்: உண்டு, அதுவும் ஒரு எவர்சில்வர் டம்ளரிடம்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பதிவின் கீழே, ஆர்க்டிக் கடலில் மிதக்கிற பனியெல்லாம் உருகி அதனால் கடல் ஏறி மெரினா முழுகப்போகிறது என்று பெரிய அறிஞன் தோரணையில் எழுதிவைத்தேன். சுயவிவரப் படத்தில் ரோஜாப்பூ வைத்திருந்த ஒருவர், "ஐயா, மிதக்கிற பனி உருகினா தண்ணி ஏறாது. வீட்டுல ஒரு டம்ளர்ல வச்சுப் பாருங்க" என்று மட்டும் எழுதினார். எனக்கு வந்த கோபத்தில் நாலு பத்தி எழுதினேன், ரோஜாப்பூவையும் விடவில்லை. அனுப்புவதற்கு முன் எதற்கும் பார்த்துவிடலாம் என்று அடுப்படிக்குப் போய் டம்ளரில் ஐந்தாறு ஐஸ் கட்டியைப் போட்டு, விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். கால் மணி நேரத்தில் டம்ளரின் அடியில் வட்டமாக ஈரம்! வழிகிறது, ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். துணியால் துடைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து இறங்கிய நீர். கட்டிகள் முழுக்கக் கரைந்த பிறகும் தண்ணீர் அதே விளிம்பில்தான் நின்றது.

கடல் மட்டம் ஏறுவது வேறு இரண்டு காரணத்தால். ஒன்று, நிலத்தின் மேல் கிடக்கிற பனி உருகிக் கடலுக்குள் வருவது. கிரீன்லாந்துப் பனி மொத்தமும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும். இன்னொன்று, தண்ணீர் சூடானால் விரியும் என்பது. (கடல்நீர் உப்பு, பனி நன்னீர், அதனால் மிதக்கிற பனி உருகினாலும் துளியூண்டு ஏறும் என்று யாராவது கடிதம் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

நாலு பத்தியையும் அழித்துவிட்டு, "நீங்கள் சொன்னதே சரி, டம்ளரில் பார்த்துவிட்டேன்" என்று எழுதினேன். அன்றிலிருந்து அவர் எனக்குத் தினமும் காலை வணக்கம் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். தோற்றதற்கான அபராதம் என்று எடுத்துக்கொண்டேன்.

*

கேள்வி: வாதத்தில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– எஸ்.ஜே., நாகர்கோவில்

பதில்: எதிராளி உங்கள் ஒற்றுப்பிழையைத் திருத்த ஆரம்பிக்கும்போது.

*

கேள்வி: கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறேன். லினக்ஸா விண்டோஸா, அந்த நிரல்மொழியா இந்த நிரல்மொழியா என்று முன்பின் தெரியாதவர்களோடு சண்டை போட்டே ஒரு செமஸ்டர் போய்விட்டது. அப்பா திட்டுகிறார். இதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
– வி., ராஜபாளையம்

பதில்: அப்பா சொல்வதைக் கேட்டு அரியரை முடியுங்கள். முடித்த பிறகு 1992 ஜனவரியில் நடந்த ஒரு சண்டையைத் தேடிப் படியுங்கள், இன்றைக்கும் அப்படியே கிடைக்கிறது. ஆண்ட்ரூ டானென்பாம், ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதியவர். லினஸ் டோர்வால்ட்ஸ், ஹெல்சின்கியில் 22 வயது மாணவர், லினக்ஸை வெளியிட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய விவாத மேடையில் மினிக்ஸ்காரர்கள் கூடுகிற குழுவிலேயே டானென்பாம் 'லினக்ஸ் காலாவதியானது' என்று தலைப்புப் போட்டு எழுதினார். இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவை எல்லாம் ஒரே பிண்டமாகக் கட்டக் கூடாது, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நீ என் மாணவனாக இல்லாதது உன் அதிர்ஷ்டம், இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்கிற அளவுக்குப் போனார். பையன் பதிலுக்குச் சீறினார், அப்புறம் தொனி தப்பு என்று பொதுவிலேயே மன்னிப்பும் கேட்டார், கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

யார் ஜெயித்தார்கள்? உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் ஓடுவது லினக்ஸ் கரு. அதோடு முடிந்தது என்று நினைத்தால், இன்டெல் தன் சில்லுகளுக்குள் சத்தமில்லாமல் வைத்திருந்த நிர்வாகப் பொறியில் (கணினிக்குள் தனியாக இயங்குகிற ஒரு குட்டிக் கணினி) ஓடுவது மினிக்ஸ் என்று 2017இல் தெரியவந்தது. டானென்பாமே அப்போது இன்டெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆக, 25 வருஷம் கழித்துப் பார்த்தால் பல கணினிகளில் இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்திருக்கிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தச் சண்டையில் இரண்டு பேருமே எதையாவது எழுதி ஓடவைத்துவிட்டு வந்து பேசினார்கள் என்பதை. உங்கள் சண்டையில் எப்படி?

*

கேள்வி: தேர்தல் முடிவு வந்த ராத்திரி மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் பற்றி எக்ஸ் தளத்தில் ஒருவரோடு மோதினேன். "ஜெர்மனியே தடை பண்ணிட்டான், உனக்கு என்ன தெரியும்" என்றார். பதில் தெரியாமல் பிளாக் செய்துவிட்டேன். கோழைத்தனமா?
– தி.க., ஈரோடு

பதில்: முடிவு வந்த ராத்திரி இந்தப் பேச்சை எடுத்ததுதான் தப்பு. அன்றைக்குத் தோற்றவர் வீட்டில் இழவு, ஜெயித்தவர் வீட்டில் பட்டாசு, நடுவில் எந்திரத்தின் தொழில்நுட்பத்தை யார் கேட்பார்கள்?

ஜெர்மனி விஷயம் பாதி உண்மை. 2009 மார்ச்சில் அந்த நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், அங்கே பயன்படுத்தப்பட்ட எந்திரங்கள் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்றது. ஆனால் மோசடி நடந்ததாகச் சொல்லவில்லை. தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனும் வாக்கு சரியாக எண்ணப்பட்டதா என்று சரிபார்க்க முடிய வேண்டும், அந்த எந்திரத்தில் அதற்கு வழியில்லை என்பதுதான் தீர்ப்பு. இதைத் தெரிந்துகொண்டால் வாதம் உடனே உருப்படியாகிவிடும். ஏனென்றால் நம் எந்திரத்தோடு இப்போது விவிபேட் என்ற சீட்டு எந்திரம் இருக்கிறது. நாம் யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்தது, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிக்கும் வந்தது. ஆனால் அந்தச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடியில்தான், 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி. எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற மனுவை 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐந்து போதுமா, போதாதா? சண்டை போட வேண்டியது இதற்குத்தான், இரண்டு பக்கமும் சொல்ல விஷயம் இருக்கிறது. 'எந்திரமே திருடு' என்றும் 'கேள்வி கேட்பவன் தேசத்துரோகி' என்றும் கத்துவதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2009 தேர்தலில் தோற்ற பிறகு எந்திரத்தின் மேல் சந்தேகம் கிளப்பியவர்களில் பாஜக தலைவர்கள் இருந்தார்கள். பின்னால் அந்தக் கேள்வியைக் காங்கிரஸ் தலைவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் அடுத்த முறை எதிராளியிடம், "உங்கள் கட்சி ஜெயித்திருந்தால் இன்றைக்கு இதைக் கேட்டிருப்பீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளாக் செய்தது கோழைத்தனம் இல்லை. ஆனால் பதிலைத் தேடாமல் விட்டது சோம்பல்.

*

கேள்வி: அனல்மின் நிலையம் பற்றி ஒரு கருத்து எழுதினேன். பத்து நிமிஷத்தில் என் புடவையைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி எல்லாம் வந்துவிட்டது. ஆண் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டால்தான் வாதாட முடியுமா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: அம்மா, இந்தப் பத்தியில் மற்றவர்களுக்குச் சொன்ன பொறுமையெல்லாம் உங்களுக்கு இல்லை. புடவைப் பேச்சு வந்த இடத்தில் வாதம் முடிந்துவிட்டது, அங்கே உங்களுக்கு யாருக்கும் பதில் சொல்லும் கடமை கிடையாது. பிளாக் செய்யுங்கள். மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் அழிப்பதற்கு முன் தேதி, கணக்கின் முகவரியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலோ உள்ளூர் சைபர் கிரைம் பிரிவிலோ கொடுங்கள். பெயரை மாற்றிக்கொள்வது உங்கள் விருப்பம், பலர் செய்கிறார்கள். மாற வேண்டியது உங்கள் பெயர் இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் அதைச் சொல்லி உங்களைத் தினமும் அடி வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

*

கேள்வி: "66ஏ பிரிவில் உன்மேல் கேஸ் போடுவேன்" என்று ஒருவர் மிரட்டுகிறார். பயமாக இருக்கிறது.
– எம்.கே., ஆரணி

பதில்: இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்று சொன்ன, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் தேதியே செல்லாது என்று தூக்கிப் போட்டுவிட்டது. அதைச் சொல்லுங்கள். ஆனால் அவதூறுக்கு வேறு சட்டம் இருக்கிறது, நீங்கள் அவரை என்ன எழுதினீர்கள் என்று கடிதத்தில் சொல்லவே இல்லையே?

*

கேள்வி: என் கணவர் ராத்திரி ஒரு மணி வரை யாரோ முகம் தெரியாதவரோடு இந்தியா அதிக மாசு விடுகிறதா, அமெரிக்கா அதிகம் விடுகிறதா என்று போனில் தட்டிக்கொண்டே இருக்கிறார். படுக்கச் சொன்னால், "இரு, இவனை முடிச்சுட்டு வரேன்" என்கிறார். யார் சொல்வது சரி?
– திருமதி ஆர்., மன்னார்குடி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், அதனால்தான் முடியவே மாட்டேன் என்கிறது. கரியமில வாயுவை நாட்டுக்கு நாடு மொத்தமாகப் பார்த்தால் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் இந்தியா. தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் இந்தியருக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். ஒருவர் மொத்தத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் தலைக்கணக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். எதை அளவுகோலாக வைப்பது என்று முதல் வரியிலேயே பேசியிருந்தால் பத்து மணிக்கே படுத்திருக்கலாம்.

அவரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: எந்தப் பதிலையும் அனுப்புவதற்கு முன் உங்களிடம் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் நடைமுறையில் இருக்கிறது. போன வாரம் மௌனா லோவா பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. தோசைமாவைத் தூக்கி பிரிட்ஜுக்குள்ள வச்சிட்டீங்களா?" என்றாள்.

வைக்கவில்லை.