வீட்டோடு மாப்பிள்ளை – கடிதம்

வணக்கம் சார்,

நண்பர் அழைத்ததால் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடிக்கு வந்திருந்தேன். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்பிய வெளிநாடு, ஆனால் பேச்சும் கோவிலும் புரிகிறது. அதனாலேயே சின்ன வித்தியாசங்கள்கூடக் கண்ணில் பட்டன. சாலையோரம் சட்டி சட்டியாகத் தயிர், டீ மட்டும் பால்மாவில். ஒரே காம்பவுண்டில் அக்கா தங்கை மூவருக்கும் தனித்தனி வீடு. நண்பர் தன் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறார். சாயங்காலமானால் சைக்கிளில் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். எங்கள் பக்கம் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் டீக்கடையில் ஓட்டியே தீர்த்துவிடுவார்கள். இவருக்கு அதில் கூச்சமே இல்லை. ஒரு பாட்டி "தம்பி என்ன குடி?" என்று கேட்டார். சாதியைக் கேட்கிறாரே என்று சங்கடமாகிவிட்டது. உங்கள் ஊர் பழைய காலத்திலேயே நின்றுவிட்டதா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பால்மாவை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் பக்கத்துப் பெரும் மாட்டுப் பட்டிகள் ஊருக்குள் நிற்பதில்லை. வயல் விதைத்ததும் மாடுகளை மேற்கே மாதவணை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து பால் ஊர் வந்து சேர்வதற்குள் திரிந்துவிடும், தயிர் தாங்கும். தேத்தண்ணிக்கு இறக்குமதிப் பால்மாதான். 2022 நெருக்கடியில் அதற்கும் வரிசையில் நின்றோம்.

மற்றவை எல்லாம் ஒரே சங்கதி. இங்கே வீடு மகளுக்கு. மூத்தவளுக்குக் கலியாணம் ஆனதும் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். பிறகு அது அடுத்தவளுக்கு. நீங்கள் பார்த்த மூன்று வீடும் அப்படி வந்தவையாக இருக்கும். உங்கள் நண்பர் பிறந்த வீடு அவருடைய சகோதரிக்குப் போயிருக்கும். அம்மாவைப் பார்க்க அங்கேதான் போகவேண்டும். கூச்சம் ஏன் இல்லை என்கிறீர்கள். ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே! கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை ஆண்களும் மனைவி வீட்டிலிருந்து வந்தவர்கள்தான்.

தமிழர் மட்டும் என்று நினைக்கவேண்டாம். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம்களிடமும் இதே வழக்கம்தான். காத்தான்குடியில் காணி நெருக்கம், அதனால் அடுத்த மகளின் வீடு மாடியாக மேலே எழும்பும்.

குடியும் இதோடு சேர்ந்ததே. உங்கள் கொங்குப் பக்கத்தில் கூட்டம் பார்ப்பார்கள், ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை, இல்லையா? இங்கே குடி அப்படி. ஆனால் தாய்வழியாக வரும். தாயின் குடிதான் பிள்ளைக்கு. கோவிலில் வண்ணக்கர், அதாவது நிர்வாகி, யார், எந்த நாள் திருவிழா யாருக்கு என்பதிலும் குடி வரும். பாட்டி கேட்டது சாதியை அல்ல. அதற்காக மட்டக்களப்பில் சாதி இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். இருக்கிறது, கோவில் வாசலில் நன்றாகவே தெரியும்.

இதைப் பெண்களின் சொர்க்கம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த மூன்று வீட்டையும் யாரோ கட்டினார்கள். கத்தாரில் இருக்கும் அண்ணன், கடன்பட்ட தகப்பன். கூரை ஏறாமல் கலியாணம் தள்ளிப்போன பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. முன்பு இங்குள்ள முக்குவர் சமூகத்தின் பெயரில் முக்குவர் சட்டம் என்று தாய்வழிச் சொத்துரிமை இருந்தது. 1876இல் வந்த பொதுச் சட்டத்தோடு அது போனது. பிறகு மகளின் பங்கு முழுக்கச் சீதனமாகக் கலியாணத்திலேயே கைமாறுகிறது. மாப்பிள்ளை வீட்டார் பேரம் பேச வசதியாகவும் போயிற்று. "மேல் தட்டுப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய காலம் என்றீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கல்லடியிலிருந்து மருதமுனை, சாய்ந்தமருதுவரை வீடுகளை வாரிக்கொண்டு போனது. அவற்றில் கணிசமானவை பெண்களின் சீதன வீடுகள். புது வீடு கொடுக்க வந்தவர்களின் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயரைப் போட்டார்கள். வழக்கப்படி தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, ஒரு கட்டத்தை நிரப்பியதில் ஆணின் சொத்தாகிவிட்டது. கூடாரத்தில் இருந்தவர்களுக்கு அப்போது கூரைதான் கவலை. யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசி, நொத்தாரிசிடம் (நோட்டரி) உறுதி, அதாவது பத்திரம், எழுதப்போனபோதுதான் சில தாய்மாருக்குத் தெரிந்தது, கொடுப்பதற்குத் தங்கள் பெயரில் வீடு இல்லை என்று.