சூனியக்காரி விரலும் சிலந்தி லட்டும்: ஹாலோவீன் பலகாரக் கேள்வி பதில்

அக்டோபர் பிறந்தாலே எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அமெரிக்கா வந்து பதினைந்து வருடமாக, பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் நாளான ஒவ்வொரு அக்டோபர் 31ஆம் தேதியும் எங்கள் வீட்டு அடுப்படியில் பிள்ளைகள் கூட்டம்தான். அவர்களோடு செய்து பார்த்துச் சரியாக வந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயமுறுத்தும் வேலையை நிறம் செய்வதைவிட உருவம்தான் நன்றாகச் செய்யும். இரண்டு கண்ணும் ஒரு நகமும் போதும். பாட்டில் பாட்டிலாகக் கலர் வாங்க வேண்டாம்.

எடிசனிலிருந்து ஓர் அம்மா: ஓவனில் இதுவரை பாத்திரம்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். ஐந்து வயது மகனோடு சேர்ந்து செய்ய ஏதாவது ஒன்று மட்டும் சொல்லுங்கள் அக்கா.

சூனியக்காரி விரல் பிஸ்கட். முட்டை வேண்டாம், மெஷின் வேண்டாம். அளவு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பொடித்த சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. வெளியே வைத்து மெத்தென்று ஆன வெண்ணெயில் சர்க்கரையைக் குழைத்து, மைதாவைச் சேர்த்துக் கையால் திரட்டுங்கள். முறுக்கு மாவு மாதிரி பிசையக் கூடாது. ஒன்று சேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கடக் கடக்கென்று ஆகிவிடும்.

சின்ன எலுமிச்சை அளவு உருண்டையில் பாதி எடுத்து, மகனிடம் கொடுத்து விரல் போல உருட்டச் சொல்லுங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். நிஜ விரல் பருமனுக்கு உருட்டினால், வெந்து வரும்போது கத்தரிக்காய் போல ஊதியிருக்கும். பென்சிலைவிடக் கொஞ்சம் தடியாக இருந்தால் போதும். நடுவில் இரண்டு இடத்தில் லேசாகக் கிள்ளி மூட்டுபோல் ஆக்கி, கத்தியின் முதுகால் மூன்று மூன்று கோடு போடுங்கள். நுனியில் தோல் உரித்த பச்சைப் பூசணி விதையை அழுத்தினால் நகம் வந்துவிடும். பாதாம் வைப்பதுதான் வழக்கம் என்றாலும், வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் யாருக்கு நட்ஸ் ஆகாது என்று நமக்குத் தெரியாது.

அப்புறம் தட்டோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். இதை விட்டுவிட்டால் கோடெல்லாம் ஓவனில் கரைந்துபோகும். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 18 முதல் 20 நிமிடம். அடிப்பக்கம் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடுங்கள், மேலே சிவக்கக் காத்திருக்க வேண்டாம். ஆறியதும் சில நகம் கழன்று வரும், அது நல்லதுதான். பள்ளத்தில் ஒரு சொட்டு ஸ்ட்ராபெர்ரி ஜாம் வைத்து நகத்தைத் திரும்ப ஒட்டினால், ஓரமாகச் சிவப்பு கசியும். பிள்ளைகள் கூச்சல் போடுவது அந்த ஜாமைப் பார்த்துத்தான்.

ஸ்காபரோவிலிருந்து: அக்கா, நாங்கள் சைவம். மகள் ஜெல்லிக் கண், ஜெல்லிப் புழு எண்டு கேக்கிறாள். கடையில விக்கிறதில ஜெலட்டின் இருக்கெண்டு சொல்லினம். வீட்டில செய்யலாமோ?

தாராளமாகச் செய்யலாம். கடை மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய் பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் உண்டு. அது பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சிவப்பு மிட்டாய் வாங்கினால் கார்மைன் என்ற சொல்லையும் லேபிளில் தேடுங்கள். அது ஒரு வகைப் பூச்சியிலிருந்து வரும் நிறம்.

நமக்குக் கடல்பாசி (அகர் அகர்) இருக்கிறதே. குழிப்பணியாரச் சட்டி இருந்தால் கண் உருண்டைக்கு வேறு அச்சே தேவையில்லை. நான்ஸ்டிக் சட்டியாக இருக்கட்டும், இரும்பில் பால் கறுத்துவிடும். குழிகளில் துளி நெய் தடவி, ஒவ்வொன்றிலும் பாதியாக வெட்டிய புளூபெர்ரியை வட்டப்பக்கம் கீழே பார்க்க வையுங்கள். இரண்டு கப் பாலில் இரண்டு தேக்கரண்டி கடல்பாசிப் பொடியும் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டு, கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதி போதாவிட்டால் கடல்பாசி உறையாது. சற்றே சூடு தணிந்ததும் குழிகளில் ஊற்றினால், ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறைந்துவிடும். கவிழ்த்தால் வெள்ளை விழியில் கரும்பாவை உங்களையே பார்க்கும்.

ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்க வேண்டாம். நான்காக வெட்டிக் கொடுங்கள். முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய், பாப்கார்னும் அந்த வயதில் தொண்டையில் சிக்கும்.

புழு வேண்டுமென்றால் ஜெலட்டின் இழுவை கடல்பாசியில் வராது. உடையும். அதனால் கண்ணோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டாலஸிலிருந்து: 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தது. பலகாரம் வேறு, இது வேறு என்று இரண்டு வேலை பார்த்து இடுப்பொடிந்தது. அடுத்து அப்படி வந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி உண்டா?

உண்டு. அந்த வருடம் நானும் அப்படித்தான் சமாளித்தேன். ஒரே நாளில் வராவிட்டாலும் பக்கத்தில் பக்கத்தில் வரும் பண்டிகைகள்தானே. ரவா லட்டு பிடிக்கும்போது பாதி மாவில் இரண்டு மேசைக்கரண்டி கோகோ கலந்துவிடுங்கள். அந்தக் கறுப்பு லட்டில், பிடித்த சூட்டோடு, காரம் போடாத சேவை உடைத்துப் பக்கத்துக்கு நாலாகச் செருகினால் எட்டுக்கால் சிலந்தி. ஆறிய பிறகு செருகினால் லட்டு உதிரும். கண்ணுக்கு இரண்டு வெள்ளைச் சாக்லேட் துளி. இனிப்பும் உப்பும் சேர்ந்து வாய்க்கு அவ்வளவு நன்றாக இருக்கும். என் மகள் இப்போது தீபாவளிக்கும் சிலந்திதான் கேட்கிறாள்.

கேரட் அல்வா மீந்தால் நன்றாகச் சுண்ட வைத்து உருட்டுங்கள். கத்தி முதுகால் மேலிருந்து கீழே ஆறு கோடு கீறி, உச்சியில் பூசணி விதை ஒன்று குத்தினால் குட்டிப் பரங்கிக்காய். கலரே தேவையில்லை.

சாக்லேட் உருக்கும்போது திடீரென்று மணல் மாதிரி கட்டியாகிவிட்டது. இரண்டு முறை தூக்கிப்போட்டேன். என்ன காரணம்?

தண்ணீர்தான். ஈரக் கரண்டி, ஆவி, ஒரு சொட்டு போதும். சர்க்கரையும் கோகோவும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். தண்ணீரில் கரைத்த கேசரிக் கலர் ஊற்றினாலும் இதேதான். சாக்லேட்டுக்கு எண்ணெயில் கலக்கும் கலர் தனியாகக் கிடைக்கும். மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் 30 வினாடி, வெளியே எடுத்துக் கிளறல், மறுபடி 30 வினாடி என்று போங்கள். வெள்ளைச் சாக்லேட் இன்னும் சீக்கிரம் கருகும். கட்டியானதைத் தூக்கிப்போட வேண்டாம். சூடான பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் நல்ல சாஸ் ஆகிவிடும். பிஸ்கட்டில் பூச ஆகாது, ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம்.

கேக்குக்குக் கறுப்பு நிறம் வரக் கரித்தூள் சேர்க்கலாமா?

வேண்டாம். கரித்தூள் மருந்துகளையும் உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளைகள் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். கறுப்புக் கோகோ என்று தனியாக விற்கிறார்கள், வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீம் கறுப்பாக வேண்டுமென்றால் சாக்லேட் கிரீமில் ஆரம்பித்து ஜெல் கலர் கொஞ்சம் போட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தானாகவே நிறம் ஏறியிருக்கும்.

லண்டன் ஹாரோவிலிருந்து: முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் மெரிங் பேய் அழகாக இருக்கிறது. முட்டை இல்லாமல் முடியுமா?

கொண்டைக்கடலைத் தண்ணீரில் முடியும். டின்னில் இருக்கும் அந்தக் கொழகொழத் தண்ணீர் அரை கப், எலுமிச்சைச் சாறு கால் தேக்கரண்டி. மெஷினில் அடித்து நுரை கெட்டியானதும், அரை கப் பொடிச் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், பொறுமையாக அடியுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் விழாத பதம் வர வேண்டும். கோன் கவரில் போட்டு, கீழே அகலமாகப் பிழிந்து மேலே இழுத்தால் பேய். 95 டிகிரி செல்சியஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்; பிறகு ஓவனை அணைத்துவிட்டு உள்ளேயே ஆற விடுங்கள். குக்கரில் நாம் வேக வைக்கும் கடலைத் தண்ணீர் நீர்த்திருக்கும், பாதியாகச் சுண்ட வைத்து ஆறிய பிறகு அடியுங்கள். சுண்டல் வாசம் வருமோ என்று பயப்பட வேண்டாம், வெனிலா கொஞ்சம் சேர்த்தால் போய்விடும்.

மகள் பள்ளிக்கு நானே செய்து அனுப்ப ஆசை. அனுப்பலாமா?

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் லேபிள் ஒட்டிய கடைப் பொருளைத்தான் அனுமதிப்பார்கள். ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். அனுமதித்தால், சேர்த்த பொருள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நம் சமையலில் எள் அதிகம், கவனம். 2023 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் உணவு லேபிளில் எள்ளும் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று.

வாசலுக்கு வரும் தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள். பெற்றோர்கள் அதைச் சாப்பிட விடமாட்டார்கள், உங்கள் உழைப்பு வீணாகும். சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி பார்த்திருப்பீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அல்லாத சின்னப் பொருள்களும் இங்கே உண்டு என்பதற்கான அடையாளம் அது. 2014இல் அது நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பிள்ளைகளை நினைத்து ஒரு கிண்ணம் ஸ்டிக்கரோ பென்சிலோ வையுங்கள்.

முகம் செதுக்கி வாசலில் வைத்த பூசணியைச் சமைக்கலாமா?

கூடாது. வெட்டியபடி நாள்கணக்கில் வெளியே இருந்தது. செதுக்கும்போது எடுக்கும் விதையை மட்டும் அன்றே கழுவி, துடைத்து, உப்பும் மிளகாய்த் தூளும் எண்ணெயும் புரட்டி 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வறுத்துக்கொள்ளுங்கள்.

எதை எத்தனை நாள் முன்னால் செய்து வைக்கலாம்?

விரல் பிஸ்கட்டை உருட்டி ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். அப்படியே ஓவனில் போட்டு இரண்டு நிமிடம் கூட விடுங்கள். மெரிங் பேய் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் நிற்கும், திறந்து வைத்தால் அரை நாளில் பிசுபிசுத்துவிடும். லட்டு மூன்று நாள். ஆனால் சேவுக் கால்களுக்காக முந்தின நாள் பிடிப்பது நல்லது, கால் நமுத்தால் சிலந்தி தொங்கிவிடும். கண் உருண்டையை மட்டும் அன்று காலையில் செய்யுங்கள். மறுநாளைக்குக் கடல்பாசி தண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.