ஆறு பேர் வீட்டுக்குக் காம்பி பாய்லர் போதுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை வீட்டை வாங்கியிருக்கிறோம். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் உட்பட ஆறு பேர், குளியலறை இரண்டு. பழைய கேஸ் பாய்லரும் பரணில் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. 35 கிலோவாட் காம்பி பாய்லர் போடலாம் என்கிறார் பிளம்பர். சரியா? ஹீட் பம்ப் போடலாமா?

பதில்: அவசரப்பட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள். இந்த அளவு வீட்டைச் சூடாக்க, கடுங்குளிர் நாளில்கூட 35 கிலோவாட் தேவைப்படாது. பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். அந்தப் பெரிய எண் குளிக்கிற வெந்நீருக்காக.

காம்பியில் வெந்நீரைச் சேர்த்து வைக்க இடம் கிடையாது. குழாயைத் திறந்ததும் தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீரை அப்போதே சூடாக்கித் தருகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டர்களுக்குச் சூடு போகாது. தண்ணீரின் சூட்டை 35 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால், 35 கிலோவாட் பாய்லரால் நிமிடத்துக்கு 14 லிட்டர்தான் தர முடியும். காலையில் ஒருவர் பள்ளிக்கும் இன்னொருவர் வேலைக்குமாக இரண்டு ஷவரும் ஒரே நேரத்தில் ஓடினால், ஆளுக்கு 7 லிட்டர். அதுவும் தெருக் குழாயில் அவ்வளவு வந்தால்தான். சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, வாளியில் ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். 10 லிட்டர்தான் வருகிறதென்றால் எந்தக் காம்பியும் அதற்கு மேல் தராது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, சிறிய சிஸ்டம் பாய்லரும் (வெந்நீரைத் தனித் தொட்டியில் முன்பே சூடாக்கிச் சேர்த்து வைக்கும் வகை) அதற்கான 200 லிட்டருக்கு மேற்பட்ட வெந்நீர் சிலிண்டரும். சிலிண்டர் வைக்க ஓர் அலமாரி அளவு இடம் போகும். ஆறு பேருக்கு அது தகும். தெருக் குழாயில் அழுத்தம் நன்றாக இருந்தால் பரண் தொட்டியையும் எடுத்துவிடலாம்.

வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்ப் நல்ல தேர்வுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம் உண்டு. ஆனால் பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் கேஸைவிடச் சுமார் நான்கு மடங்கு விலை. பில் தானாகக் குறைந்துவிடாது. 45 டிகிரித் தண்ணீரிலேயே அறை சூடாக வேண்டும் என்பதால் சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டிவரும். பெரியவர்கள் பகல் முழுக்க வீட்டில் இருப்பதால், மெதுவாக நெடுநேரம் ஓடும் இந்த முறை உங்களுக்குப் பொருந்தும். முதலில் அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு வாங்குங்கள். சுவருக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேஸ்தான் என்று முடிவானால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போக பிளம்பரை விடாதீர்கள். திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைப் பாய்லருக்குக் கொடுக்கும். அந்தச் சிக்கனத்துக்காகத்தானே புதுப் பாய்லர் வாங்குகிறோம்! சிலிண்டர் மட்டும், கிருமி வளராமலிருக்க, 60 டிகிரியில் இருக்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்க முடிகிற பாய்லராகக் கேளுங்கள்.

அப்புறம், பழைய குழாய்களிலுள்ள சகதியைக் கழுவுவதும் காந்த ஃபில்டர் பொருத்துவதும் கொட்டேஷனில் எழுதியிருக்கட்டும். வேலைக்கு வருகிறவரின் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதற்கான அடையாள அட்டை) திருப்பியும் பாருங்கள்; எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும்.