நாய்களை நடைக்குக் கூட்டிப்போகும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

ஊரைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 2018 விலங்குநல விதிகளின்படி, நாய்களைக் காசுக்குத் தங்கவைக்கவும் பகல்நேரக் காப்பகம் நடத்தவும் உரிமம் தேவை. நடைக்குக் கூட்டிப்போவது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நடை முடிந்து நாயை உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் கதை மாறலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

சான் பிரான்சிஸ்கோவில் 2013 ஜூலை முதல், நகரத்துக்குச் சொந்தமான பூங்காக்களில் ஒரே நேரத்தில் 4 நாய்களோ அதற்கு மேலோ கூட்டிப்போனால் ஆண்டு அனுமதி கட்டாயம். உச்சவரம்பு 8. (எட்டுக் கயிறு, இரண்டு கை! எனக்கு அதுவே அதிகமாகப் படுகிறது.)

உரிமம் கேட்காத ஊரிலும் கயிறு, கழிவு அகற்றல் விதிகள் இருக்கலாம். நாய் யாரையாவது கடித்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழக்கூடும். முதலில் காப்பீடு எடுங்கள்.