வாளில் ஒரு ஊர், அட்டையில் வேறு ஊர்: பிஸென் எங்கேதான் இருக்கிறது?

கேள்வி: ஐயா, என் மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் ஒரு குட்டை வாளைப் பார்த்து வைத்திருக்கிறான். காம்பில் (கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புப் பகுதி) 'பிஷூ ஒசஃபுனே' என்று வெட்டியிருக்கிறதாம், அது பிஸென் மாகாணம் என்கிறார் வியாபாரி. ஆனால் கூட வரும் அரசுப் பதிவு அட்டையில் ஹிரோஷிமா என்று போட்டிருக்கிறது. வரைபடத்தில் பிஸென் என்று தேடினால் ஒகயாமாவில் ஒரு சின்ன நகரம் வருகிறது, ஒசஃபுனே அந்த நகரத்துக்குள்ளும் இல்லை. இதில் யார் சொல்வது பொய்? முன்பணம் கட்டலாமா? வாள் ஜப்பானிலேயே இருக்கும், இங்கே கொண்டுவரப் போவதில்லை.

பதில்: முன்பணம் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணத்துக்காக அல்ல. நீங்கள் எழுதியிருக்கிற ஊர்ப்பெயர்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை, எல்லாமே ஒரே வாளுக்குப் பொருந்தலாம். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பத்திரிகைகள்தான். இன்றைய ஜப்பானின் 47 நிர்வாகப் பிரிவுகளையும் 'மாகாணம்' என்று எழுதுகிறார்கள், ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய நாடுகளையும் 'மாகாணம்' என்றே எழுதுகிறார்கள். ரெண்டும் வேறு. பழையதை ஜப்பானியர் 'குனி' என்பார்கள், இன்றையதைப் பெரும்பாலும் 'கென்' என்பார்கள். பிஸென் குனி. ஹிரோஷிமா, ஒகயாமா ரெண்டும் கென். இந்தப் பதிலில் அப்படியே எழுதுகிறேன்.

செதோ உள்கடலின் வடகரையில் பழங்காலத்தில் கிபி என்று ஒரு பெரிய நாடு இருந்தது (நம் ஆண்டுக் கணக்கின் கி.பி. இல்லை, பெயரே அதுதான்). அது ஜப்பானின் பழைய யமாத்தோ அரசர்களுக்கே சவாலாக இருந்த பெரிய இடம். 7-ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில் அதை மூன்றாக வெட்டினார்கள். தலைநகரிலிருந்து பார்த்தால் முதலில் வருவது பிஸென், நடுவில் பிச்சூ, கடைசியில் பிங்கோ. முன், நடு, பின் என்றுதான் அந்தப் பெயர்களுக்கு அர்த்தம். 713-ல் பிஸெனின் வடக்கு மலைப்பகுதியைப் பிரித்து மிமாசகா என்று இன்னொரு குனி ஆக்கினார்கள். ஆக மிஞ்சிய பிஸென் என்பது ஒகயாமா கென்னின் தென்கிழக்குப் பகுதி, கடலும் யோஷீ, அசாஹி ஆறுகளின் கீழ்ப்பகுதியும். 1871-ல் சிற்றரசுகளை ஒழித்து கென்களை உண்டாக்கியபோது பிஸென், பிச்சூ, மிமாசகா மூன்றும் சில வருஷங்களுக்குள் ஒகயாமா கென்னில் வந்து சேர்ந்தன. பிங்கோ ஹிரோஷிமா பக்கம் போய்விட்டது.

பிஸென் குனி முழுக்க இப்போது பிஸென் என்ற பெயரில் இல்லை. குனியின் தலைமையிடம் இன்றைய ஒகயாமா நகரத்துக்குள் வருகிறது, கோட்டையும் அங்கேதான். 'பிஸென் நகரம்' என்று வரைபடம் காட்டுவது கிழக்கு ஓரத்தில் பழைய பெயரை எடுத்துக்கொண்டு 1971-ல் நகரமான இடம். அங்கே இம்பேயில் மெருகு பூசாத பிஸென் மண்பாண்டம் சுடுகிறார்கள், அதனால் பெயருக்கு உரிமை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒசஃபுனே அதற்குப் பக்கத்தில், யோஷீ ஆற்றங்கரையில், செதோஉச்சி என்ற நகரத்துக்குள் இருக்கிறது. அந்தப் பெயர் 2004-ல் மூன்று சிற்றூர்களை ஒன்றாக்கியபோது வைத்தது. பழைய பெயரை ஒரு நகரத்துக்கு, பழைய தொழிலை இன்னொரு நகரத்துக்கு என்று பங்குபோட்டுக் கொடுத்த அதிகாரிகள் பிறகு யார் தேடுவார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, ஹிரோஷிமாவுக்கு வருவோம். அட்டையில் இருக்கும் கென், வாள் பிறந்த இடம் அல்ல. போர் முடிந்த பிறகு, 1950-களிலிருந்து, ஜப்பானில் ஒவ்வொரு வாளையும் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். வீட்டுப் பரணில் வாள் கிடைத்தால் அந்தக் குடும்பம் வசிக்கிற கென்னின் கல்வி வாரியம் அட்டை கொடுக்கும். தாத்தா ஹிரோஷிமாவில் குடியிருந்திருந்தால் ஹிரோஷிமா அட்டை. வாள் 500 வருஷத்துக்கு முன் ஒசஃபுனேயில் அடித்ததாக இருந்தாலும் அப்படித்தான். பிறகு எத்தனை பேர் கை மாறினாலும் அட்டையில் அதே கென்தான் நிற்கும்.

இங்கேதான் ஏமாற்று வேலை நடக்கிறது, இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் அலுக்காது. "அரசாங்கமே ஒசஃபுனே என்று அட்டை கொடுத்திருக்கிறது" என்பார் வியாபாரி. கொடுக்கவில்லை. அந்த அட்டை வாளின் வகை, நீளம், வளைவு, காம்பிலுள்ள துளைகள், காம்பில் என்ன வெட்டியிருக்கிறது என்பவற்றைப் பார்த்து எழுதி வைக்கிறது, அவ்வளவே. வெட்டியது போன வருஷம் ஒரு பட்டறைப் பையனாக இருந்தாலும் அட்டையில் 'ஒசஃபுனே' என்றுதான் ஏறும். உங்கள் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக நீங்கள் அந்தப் பெயருள்ள சோழ அரசன் ஆகிவிட மாட்டீர்கள் இல்லையா. ஒரு தடவை ஓர் அலுவலகத்தில், அட்டையிலேயே 'இது தயாரிப்பாளருக்கான சான்று அல்ல' என்று பெரிதாக ஒரு வரி போட்டால் என்ன என்று கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். அந்தப் பதிலை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்தது 'பிஷூ'. பிஸென், பிச்சூ, பிங்கோ மூன்றுக்கும் இதே சுருக்கப் பெயர், ஆனால் பக்கத்தில் ஒசஃபுனே இருந்தால் அது பிஸென்தான், சந்தேகமே வேண்டாம். (நகோயா பக்கத்து ஒவாரி குனிக்கும் பிஷூ என்றுதான் சுருக்கம், சித்திர எழுத்து வேறு. ஒலியை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பிஸென், கியூஷுவில் இருக்கும் ஹிஸென், புஸென் என்ற பெயர்களையும் தமிழில் எழுதும்போது கவனமாக இருங்கள்.)

'ஃபுகுஓகா' என்ற சொல் வந்தால்தான் எல்லோரும் தவறி விழுவார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வியாபாரி அடுத்து "ஃபுகுஓகா இச்சிமோஞ்சி" வாள் ஒன்றைக் காட்டலாம். உங்கள் மகன் உடனே கியூஷு தீவிலுள்ள பெரிய ஃபுகுஓகா நகரத்தை நினைப்பான். அது இல்லை. ஒசஃபுனேக்குப் பக்கத்தில் அதே யோஷீ ஆற்றங்கரையில் ஃபுகுஓகா என்று ஒரு பழைய சந்தை ஊர் இருந்தது, இன்றும் செதோஉச்சியில் ஒரு பகுதியாக இருக்கிறது. இச்சிமோஞ்சி கொல்லர்கள் அந்த ஊர்க்காரர்கள். குரோதா என்ற போர்க்குடும்பத்தின் முன்னோர் அங்கே வாழ்ந்தார்கள். 1600-ல் செகிகஹரா சண்டைக்குப் பிறகு குரோதா நகமாசாவுக்குக் கியூஷுவில் சிகுஸென் குனி கிடைத்தது. அங்கே புதுக் கோட்டை கட்டியபோது தன் முன்னோர் ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். பெயர் அங்கே போய்ப் பெரிய நகரமாகி, பிறந்த ஊர் சின்னதாக மறைந்தது. ஆகவே கியூஷுவின் ஃபுகுஓகா கென் கொடுத்த அட்டையைக் காட்டி "ஃபுகுஓகா என்று எழுதியிருக்கிறது பாருங்கள், எல்லாம் பொருந்துகிறது" என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது, அல்லது எல்லாம் தெரியும். பொருந்தினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இனி உங்கள் வாள். ஒசஃபுனேயில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் மித்சுதாதா, நகமித்சு, ககெமித்சு போன்ற பெரிய கொல்லர்கள் இருந்தார்கள். மலையிலிருந்து இரும்பு மணல், காட்டிலிருந்து கரி, ஆற்றில் படகு, பக்கத்திலேயே சன்யோதோ என்னும் பெருவழி, அதனால்தான் அந்த ஊர் ஊதுலைக்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது அதே ஊர் கட்டுக்கட்டாக வாள் அடித்துத் தள்ளியது. 1590-ஐ ஒட்டி ஆற்று வெள்ளம் வந்து பட்டறைகளை வாரிக்கொண்டு போகும் வரை அப்படித்தான். அந்தக் காலத்து வாள்களில் 'பிஷூ ஒசஃபுனே' என்று சுருக்கமாக வெட்டி ஒரு பொதுப்பெயர் போட்டிருந்தால் அது பெரும்பாலும் கூட்டமாக அடித்தது. தனியாகச் சொல்லிச் செய்தவற்றில் 'பிஸென் குனி வாசி ஒசஃபுனே' என்று நீட்டி, கொல்லரின் வழக்குப்பெயரும் சேர்ந்து வரும். சுகெசதா என்று பெயர் இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், அந்தப் பெயரில் எக்கச்சக்கமான கொல்லர்கள் இருந்தார்கள். காம்பின் மறுபக்கத்தில் 'இரண்டாம் மாதம்' அல்லது 'எட்டாம் மாதம்' என்று தேதி இருப்பது பிஸென் வழக்கம்தான், அது போலி வெட்டுகிறவனுக்கும் தெரியும்.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது இதுதான். கைப்பிடியைக் கழற்றிக் காம்பைக் காட்டச் சொல்லட்டும். அட்டையில் உள்ள நீளம், துளை எண்ணிக்கை, எழுத்து எல்லாம் வாளோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே அளக்கட்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அது வேறு வாளின் அட்டை, திரும்பி வந்துவிட வேண்டும். கொல்லரின் பெயர் விலையில் சேர்ந்திருந்தால் ஜப்பானிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் வாளைப் பரிசோதித்துக் கொடுக்கும் தாளைக் கேட்கட்டும், 1982-க்கு முந்திய பழைய தாள் என்றால் புதிதாகப் பரிசோதிக்க அனுப்பச் சொல்லட்டும். "நேரமாகும், அதற்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்றால் வாங்கட்டும் என்று விட்டுவிடட்டும். சாமுராய் வம்சத்துக் கதை, மரப்பெட்டியில் எழுதிய பெயர், தரகர் அடித்த மொழிபெயர்ப்புத் தாள், இவற்றுக்கு ஒரு யென் கூடக் கொடுக்க வேண்டாம். இந்த வேலையில் இடைத்தரகர் காட்டுகிற எல்லாக் காகிதமும் விலையை ஏற்றத்தான் உதவும்.

இத்தனைக்கும் பிறகு வாங்கினான் என்றால் 20 நாளுக்குள் உரிமையாளர் மாறியதைத் தெரிவிக்க வேண்டும். அது ஒசாகாவில் அல்ல, அட்டை கொடுத்த ஹிரோஷிமா கென்னின் கல்வி வாரியத்துக்கு. "நான் குடியிருப்பது ஒசாகா" என்று வாதாடி ஒரு வாரத்தை வீணாக்காமல், அட்டையில் இருக்கிற எண்ணை எழுதி நேராக ஹிரோஷிமாவுக்கே அனுப்பச் சொல்லுங்கள்.