காந்தாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்

கேள்வி: கர்நாடக இசை ஓரளவு கேட்டுப் பழகியவன் நான். ஐரோப்பாவின் பழைய இசைத் தொகுப்பு ஒன்றை மகன் என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். எல்லாமே தேவாலயப் பாட்டு மாதிரி ஒன்றுபோலக் கேட்கிறது. ஆண்டுகளை மனப்பாடம் செய்யாமல், எது எந்தக் காலத்தது என்று காதாலேயே பிரித்தறிய வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் பாடலின் கடைசிப் பத்து நொடியை மட்டும் ஓடவிடுங்கள். எல்லாக் குரல்களும் வந்து நிற்கும் இடம் அது. அடியில் நிற்கும் குரலை ஷட்ஜமாக (ச) வைத்துக்கொண்டு, மேலே என்ன ஒலிக்கிறது என்று பாருங்கள். சுருதிப்பெட்டி போல ச-ப-ச மட்டுமா, நடுவில் காந்தாரமும் (க) உண்டா?

ஒரே குரல்தான் இருக்கிறது, அல்லது பலர் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அது கிரெகோரியன் கீதம் எனப்படும் பழைய தேவாலய வழிபாட்டுப் பாடல் வகை. தாளம் போடக் கை எழாது. லத்தீன் சொற்களின் போக்கில் இசை போகும். ஜெர்மனியின் ஹில்டெகார்ட் (1098–1179) மடத்துச் சகோதரிகளுக்காக எழுதிய பாடல்களும் ஒற்றைக் குரல்தான். ஆனால் அவர் மெட்டுகள் வழக்கத்தைவிட வெகு உயரம் ஏறி இறங்கும்.

குரல்கள் பிரிய ஆரம்பித்த பிறகுதான் நம் சோதனைக்கு வேலை. பாரீஸின் நோத்ர் தாம் தேவாலயத்தைச் சேர்ந்த பெரோட்டானின் 'விதேருந்த் ஓம்னெஸ்' உங்கள் தொகுப்பில் இருந்தால், அதில் தொடங்குங்கள். 1200ஐ ஒட்டிய நான்கு குரல் பாடல். பழைய கீதத்தின் ஒரே ஒரு அசையை அடிக்குரல் நிமிடக் கணக்கில் பிடித்துக்கொண்டே நிற்க, மேலே மூன்று குரல்கள் துள்ளும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே தோன்றாது. ('டெனர்' என்ற சொல்லே பிடித்து வைத்திருப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது.) வந்து நிற்கும் இடங்களில் காந்தாரம் இருக்காது, வெறும் ஷட்ஜ பஞ்சமம்.

ஏன் ஒதுக்கினார்கள்? அன்றைய சுருதிக் கணக்கு பஞ்சமங்களை அடுக்கி அடுக்கிக் கட்டியது. ஷட்ஜத்தோடு பஞ்சமத்தின் அதிர்வெண் விகிதம் 3:2, சுத்தம். அதே வழியில் கிடைக்கும் காந்தாரமோ 81:64. தம்புராவில் தானாக எழும் சுயம்பு காந்தாரம் 5:4. அதைவிட இது கொஞ்சம் தூக்கல். அதன்மேல் ஓய்வாக நிற்க முடியாது. அதனால் போகிற வழியில் தொட்டுக்கொண்டு, முடிவில் விட்டுவிட்டார்கள்.

அடுத்த நூற்றாண்டில் ரீம்ஸ் நகரத்து மஷோ (1377இல் இறந்தவர்) நான்கு குரலுக்கு ஒரு முழுத் திருப்பலி (கத்தோலிக்க வழிபாடு) இசை எழுதினார். முழுத் திருப்பலிக்கும் ஒருவரே இசையமைத்ததில் நமக்குத் தெரிந்த முதல் படைப்பு அதுதான். அதில் ஒரு வாக்கியம் முடியும் இடங்களைக் கவனியுங்கள். அடிக்குரல் ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும். அதே நேரத்தில் ஒரு குரல் பிரதி மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கும், இன்னொன்று காகலி நிஷாதத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கும் ஏறும். ஒரு கணம் கல்யாணி எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். ராகம் என்று நினைத்துவிடாதீர்கள், முடிக்கிற பாணி அவ்வளவுதான். இந்தக் கூர்மையான முடிவு பிடிபட்டுவிட்டால் 14ஆம் நூற்றாண்டு உங்கள் கையில். மஷோ முதல் தடவை கரடுமுரடாகத்தான் கேட்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

1400களில் காந்தாரம் உள்ளே வழியத் தொடங்குகிறது. இங்கிலாந்துக்காரர்களின் இனிய ஒலி பிரான்ஸ் பக்கம் பரவியது என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து இசையமைப்பாளர் துஃபாயைக் கேட்டால் கரடுமுரடு போய் வழவழப்பு வந்திருப்பது தெரியும். ஆனால் பாட்டின் நடுவில் எவ்வளவு இனித்தாலும், கடைசியில் காந்தாரம் பழைய மரியாதைக்கு விலகிக்கொள்ளும். ஜோஸ்கேனின் 'ஆவே மரியா, விர்கோ செரேனா' நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் ஒரே சொற்றொடரை மேல்குரல் பாட, அடுத்தடுத்த குரல்கள் அதையே வாங்கிப் பாடிக் கீழே இறங்கி வரும். இந்தத் துரத்தல் கேட்டால் மறுமலர்ச்சிக் காலம் என்று துணிந்து சொல்லலாம். முடிவிலோ, மரியாளிடம் தன்னை நினைவில் வைக்கும்படி வேண்டும் வரியில் எல்லாம் அடங்கி, வெறும் ச-ப மட்டும் நிற்கும்.

1500களில் காந்தாரம் முடிவிலும் உட்கார்ந்துவிடுகிறது. பாலஸ்த்ரினா (இறப்பு 1594) அந்தக் காலம். அவர் ஒரு திருப்பலியால் பல குரல் இசையையே தடையிலிருந்து காப்பாற்றினார் என்ற கதை உங்கள் காதிலும் விழும். அழகான கதை, ஆதாரம் கிடையாது.

1600க்கு அப்புறம் சோதனையை மாற்றுங்கள், ஏனென்றால் காந்தாரம் எங்கும் இருக்கும். இப்போது கவனிக்க வேண்டியது அடியில் ஓயாமல் நடக்கும் தாழ்ந்த வரி. அதன்மேல் ஹார்ப்சிகார்டோ ஆர்கனோ லூட்டோ சுரக்கொத்துகளை நிரப்பும். அவற்றை முழுதாக எழுதித் தரமாட்டார்கள். வரியோடு சில எண்கள் இருக்கும், சில சமயம் அதுவும் இராது. மீதி வாசிப்பவர் கற்பனை. மேலே ஒரே ஒருவர் பேசுவதும் பாடுவதுமாக உணர்ச்சி கொட்டுவார். மொண்டவெர்டி 1607இல் இத்தாலியின் மாந்துவாவில் அரங்கேற்றிய 'ஓர்ஃபியோ' என்ற இசை நாடகம் இதற்குப் போதும். பரோக் இசையின் வாசல் இது. பாக் வரை அந்த அடிவரி கூடவே வரும்.

ஏமாந்துவிடக்கூடிய இடங்கள் இரண்டு. முரசும் கூட்டுக்குரலுமாக இடிபோல் முழங்கும் 'கார்மினா புரானா' இடைக்காலம் அல்ல. பாடல் வரிகள் 13ஆம் நூற்றாண்டுச் சுவடியிலிருந்து வந்தவை. இசை ஓர்ஃப் எழுதி 1937இல் அரங்கேறியது. பரோக் கால அல்பினோனியின் பெயரில் உலவும் அந்தச் சோகமான 'அடாஜியோ'வும் 1958இல் ஜியாசோட்டோ வெளியிட்டது. பழைய இசைத் தொகுப்புகளில் இரண்டையும் தாராளமாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் அடிக்குரல் சரியாக விழாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். பெரோட்டான், ஜோஸ்கேன், மொண்டவெர்டி என்ற வரிசையில் போய்விட்டு, மஷோவுக்குக் கடைசியில் வாருங்கள்.