இடைவேளையில் வாலிபால் ஆடிக் கால் முறிந்தால் இழப்பீடு உண்டா?

ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் வாலிபால் ஆடிக் கால் முறிந்த உங்கள் தம்பிக்கு இழப்பீடு தர மேனேஜர் மறுக்கிறார், கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்க வாய்ப்பு உண்டு. கங்கைகொண்டான் பக்கம் ஆலை வளாகத்துக்குள்ளேதான் உங்கள் தம்பி விழுந்திருக்கிறார். சாப்பாட்டு இடைவேளை என்பதற்காக மட்டும் நிர்வாகம் கைகழுவ முடியாது.

மேனேஜர் மறுப்பதற்கு அநேகமாக இதுதான் காரணம்: காயத்துக்கு வேலையோடு தொடர்பு இருக்க வேண்டும். நெட்டும் பந்தும் யார் வாங்கித் தந்தது? நிர்வாகம் என்றால் உங்கள் பக்கம் வலு. ஆடக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்தால் சிரமம்தான்.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆலையிடம் தனி இழப்பீடு கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ.தான். வேலைக் காயம் என்று ஏற்றால், வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம். ஏற்காவிட்டாலும், ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருந்தால், நோய்க்கால உதவியாக 70 சதவீதம்.

விபத்துப் பதிவேட்டில் இன்றே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கூட ஆடியவர்களிடம் எழுதி வாங்குங்கள், தள்ளிப்போட்டால் பின்வாங்கிவிடுவார்கள்.